11 வாரம் நின்ற கூடை

இது ஒரு அழுக்குத்துணிக் கூடையின் கதை. வீட்டில் சேர்ந்த பழைய செய்தித்தாளைச் சுருட்டி, பின்னி, வார்னிஷ் அடித்து நானே செய்தது. செய்து முடித்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பேப்பரா? நம்பவே முடியலையே" என்றார்கள். 11 வாரம் கழித்து அதைத் தூக்கியபோது சுவர் மட்டும் கையோடு வந்தது. அடி தரையிலேயே இருந்துவிட்டது.

வீட்டுக் கழிவில் கைவினை செய்பவர்கள் செய்து முடித்த நாளில்தான் படம் எடுக்கிறோம். அன்றைக்கு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று யாரும் படம் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கூடையை ஆரம்பத்திலிருந்து, அது இற்றுப்போன விதம் வரைக்கும் எழுதிவைக்கிறேன். அதன் இடத்துக்கு இப்போது வேறொன்று வந்திருக்கிறது. அதைப் பற்றியும் சொல்கிறேன்.

செய்த விதம்

கூடையின் வாய் 35 சென்டிமீட்டர் அகலம், உயரம் 45. இதற்கு ஏறக்குறைய 300 பேப்பர் குழல் தேவைப்பட்டது. குழல் சுருட்டத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செய்தித்தாளை 10 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்ட வேண்டும். 3 மில்லிமீட்டர் பின்னல் ஊசியைப் பட்டையின் மூலையில் சாய்வாக வைத்து, இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசி மூலையில் ஒரு பொட்டுப் பசை. ஊசியை உருவினால் 60 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு குழல் கிடைக்கும். ஒரு முனை கொஞ்சம் தடிப்பாகவும் மறுமுனை ஒல்லியாகவும் தானாகவே அமையும். அதுவும் ஒரு வசதிதான். ஒல்லி முனையை அடுத்த குழலின் தடித்த முனைக்குள் செருகினால் எவ்வளவு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டே போகலாம்.

ஒரு குழலுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். 300 குழலுக்கு ஆறு மணி நேரம். ஏதாவது கேட்டுக்கொண்டே செய்தால் ஆறு மணி நேரம் போவதே தெரியாது. முதல் 50 குழல் கோணல்மாணலாக வரும், அப்புறம் கை பழகிவிடும்.

அடிக்கு அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு வட்டம் வெட்டினேன். இரண்டுக்கும் நடுவில் 36 குழல்களைச் சூரியக் கதிர் மாதிரி பரப்பி ஒட்டி, மேல்நோக்கி மடக்கினேன். இவைதான் நிற்கும் குழல்கள். மற்ற குழல்களை ஒன்றோடொன்று செருகி, நிற்பதன் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிச் சுற்றிலும் ஓட்டினேன். எட்டு மாலைப்பொழுது ஆனது. வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து முழுக்கப் பூசி, காய்ந்ததும் வெளிப்பக்கம் மட்டும் பழுப்பு வார்னிஷ் இரண்டு முறை அடித்தேன். உள்பக்கம் துணிதானே இருக்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்தச் சோம்பல் எவ்வளவு செலவு வைத்தது என்று பின்னால் வரும்.

சமையலறைத் தராசில் 1,240 கிராம் காட்டியது.

சரிந்த வரிசை

மூன்றாவது வாரத்தில் கூடை லேசாகச் சாய்ந்திருப்பது போலத் தோன்றியது. தரை மட்டமில்லை என்று நினைத்து இடம் மாற்றி வைத்தேன். ஆறாவது வாரத்தில் துணியில் ஒரு வாடை. துணியின் வாடை என்றே நினைத்தேன். அழுக்குத்துணியில் வாடை வருவதை யார் சந்தேகப்படுவார்கள்? எட்டாவது வாரத்தில் அடி நடுவில் பள்ளம் விழுந்து, கூடை ஒரு விளிம்பில் மட்டும் நின்றது. அதற்கும் உள்ளே ஒரு அட்டை போட்டுச் சமாளித்தேன். பதினோராவது வாரம் மேலே சொன்னதுதான்.

இப்போது திரும்பிப் பார்த்தால், கூடை மூன்று முறை எனக்குத் தகவல் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் வேறு எதையோ குற்றம் சொன்னேன்.

அறுத்துப் பார்த்தபோது

குப்பையில் போடும் முன் பிளேடு எடுத்து உட்கார்ந்தேன். அதற்கு முன் தராசில் வைத்தேன். அடியையும் சேர்த்து 1,310 கிராம். புதிதாக இருந்ததைவிட 70 கிராம் அதிகம். அழுக்குப் படிந்து இவ்வளவு ஏறாது. ஏறியது தண்ணீர்தான்.

தாள் என்பது தண்ணீரைத் தேடிப் பிடிக்கும் பொருள். சும்மா அறையில் கிடக்கும் தாளிலேயே, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், அதன் எடையில் சுமார் 6, 7 சதவீதம் தண்ணீர் இருக்கும். காற்று 80 சதவீதத்தைத் தாண்டினால் தாளில் இருப்பது 10-ஐத் தாண்டிவிடும். வியர்வை காயாத சட்டை, முகம் துடைத்த துண்டு எல்லாம் தினமும் போய் விழும் ஒரு கூடைக்குள் காற்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 70 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிற்கும் இடம் பூசணத்துக்குப் பிடித்த இடம். தின்பதற்குத் தாளின் நார்ப்பொருளான செல்லுலோஸ் அங்கேயே இருக்கிறது. அடியில் குழல்களைப் பிடித்து நிறுத்த நான் மாவுப் பசையும் கொஞ்சம் போட்டிருந்தேன், அது விருந்து. உள்சுவரின் கீழ் ஒரு சாண் உயரத்துக்குக் கரும்பச்சைப் புள்ளிகள் இருந்தன. மேலே ஒன்றுகூட இல்லை.

பூசணம் அசிங்கம்தான், ஆனால் கூடையை விழவைத்தது அது இல்லை. தாளில் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால். தண்ணீர் இடையில் புகுந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். முழுக்க நனைந்த சாதாரணத் தாளில், உலர்ந்தபோது இருந்த பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. என் கூடை முழுக்க நனையவில்லை. ஆனால் அடிப்பகுதி எப்போதுமே அரை ஈரத்தில் இருந்தது, அதன் மேலேதான் மொத்தத் துணியும் உட்கார்ந்திருந்தது.

இங்கேதான் வெளிப்பக்க வார்னிஷ் வருகிறது. தண்ணீரைத் தடுக்க அடித்த வார்னிஷ், உள்ளே போன தண்ணீர் வெளியே போகாமலும் தடுத்தது. உள்பக்கம் உறிஞ்சியது, வெளிப்பக்கம் மூடியிருந்தது, அடி தரையோடு ஒட்டியிருந்தது. எந்த வழியாகக் காயும்? அதோடு ஈரம் பட்ட பக்கம் விரியும், படாத பக்கம் விரியாது. அதனால் சுவரே வெளிப்புறமாக வளைந்தது. மூன்றாவது வாரம் நான் பார்த்த சாய்வு இந்த வளைவின் ஆரம்பமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் அடிக்காமல் விட்டிருக்க வேண்டும். பாதி அடிப்பது இரண்டையும்விட மோசம்.

அடுத்து, நார் ஓடும் திசை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், இது எனக்குத் தெரிந்திருந்தும் நான் கவனிக்கவில்லை. இயந்திரத்தில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் தாள் ஓடும் திசையிலேயே படிகின்றன. கையில் கிழித்துப் பார்த்தால் தெரியும். ஒரு திசையில் நேர்கோடாகக் கிழியும், அது நார் ஓடும் திசை. குறுக்கே கிழித்தால் பல்பல்லாகக் கோணிக்கொண்டு போகும். பெரிய அளவுச் செய்தித்தாள் பத்திகளின் போக்கில், மேலிருந்து கீழாக, நேராகக் கிழியும். பட்டையின் நீளம் இந்தத் திசையில் இருக்குமாறு வெட்டினால் இரண்டு நன்மை. சுருட்டும்போது தாள் அடம்பிடிக்காமல் வளையும். சுருட்டிய பிறகு நார்கள் குழலின் நீளத்தோடு ஓடுவதால் குழல் விறைப்பாக நிற்கும். குறுக்கே வெட்டினால் இரண்டும் நேர்மாறு. போதாக்குறைக்கு ஈரத்தில் தாள் விரிவது நாருக்குக் குறுக்கேதான் மிக அதிகம், நாரின் திசையில் கொஞ்சம்தான். குறுக்கு வெட்டுக் குழல் ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும்.

நான் தாளை விரித்துப்போட்டு, எப்படி வசதியோ அப்படி வெட்டியிருந்தேன். அறுத்தபோது நிற்கும் குழல் 36-லும் எழுத்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எண்ணினேன். 15 குறுக்கு வெட்டு. அதிலும் ஒன்பது பக்கத்துப் பக்கத்தில், கூடை சாய்ந்த அதே பக்கத்தில். அதை எண்ணி முடித்ததும் பிளேடைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடி அட்டையிலும் இதே கதை. அட்டைப்பெட்டியின் அட்டை, இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் வைத்து ஒட்டியது. அலையின் வரிகள் ஓடும் திசையில் விறைப்பாக இருக்கும். வரிகளுக்கு இணையாக மடக்கினால் சட்டென்று மடங்கும். இரண்டு வட்டத்தையும் வரிகள் ஒரே திசையில் இருக்கும்படி நான் ஒட்டியிருந்தேன். அந்த வரியிலேயே இரண்டும் சேர்ந்து மடங்கின. ஒன்றை 90 டிகிரி திருப்பி ஒட்டியிருந்தால் ஒன்றின் பலவீனத்தை மற்றது தாங்கியிருக்கும். செலவில்லாத திருத்தம். இன்னொன்று, ஒரே மாதிரி இரண்டு தகடுகளை வெறுமனே அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்குதான் கூடும். முழுப் பரப்பும் பிடிக்குமாறு ஒட்டினால் தடிமனின் மும்மடிப் பெருக்கமாக, எட்டு மடங்குக்குப் பக்கத்தில் போகும். என் வட்டங்களுக்கு நடுவில் குழல்கள் பரவியிருந்ததால் பசை பிடித்தது அங்கங்கேதான். ஒட்டியதாக நினைத்தேன், உண்மையில் அடுக்கித்தான் வைத்திருந்தேன்.

கடைசிக் குறை சின்னது, ஆனால் கூடை பின்னுகிறவர்கள் பார்த்தால் முதலில் சிரிப்பது இதற்குத்தான். ஒரே ஓடும் குழலை முன்னும் பின்னுமாக ஓட்டும்போது நிற்கும் குழல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த சுற்றில் முன்னால் போனது பின்னால் போகும், பின்னல் பூட்டிக்கொள்ளும். 36 இரட்டைப்படை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இரண்டு குழலைச் சேர்த்துத் தாண்டி நான் ஏமாற்றியிருந்தேன். அந்த இடங்கள் சேர்ந்து கூடையைச் சுற்றிச் சாய்வாக ஒரு கோடு விழுந்தது. அதை ஒரு வடிவமைப்பு என்று நானே வந்தவர்களிடம் காட்டியிருக்கிறேன்! இரண்டு ஓடும் குழலை எடுத்து ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும் இரட்டைப் பின்னலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எத்தனை குழல் நின்றாலும் சரி, பிடிப்பும் அதிகம்.

இதையெல்லாம் திருத்தினால் நிற்குமா?

நிற்கும். இன்னும் நாலு மாதம், ஆறு மாதம் கூடுதலாக நின்றிருக்கும். முதலில் அப்படித்தான் திட்டம் போட்டேன். 37 நிற்கும் குழல், எல்லாம் நாரின் போக்கில், அட்டை திருப்பி ஒட்டியது, இருபுறமும் வார்னிஷ், அடியில் நாலு பாட்டில் மூடியைக் கால் போல வைத்துக் காற்றுப் போக இடம். காகிதத்தில் வரைந்தும் விட்டேன்.

நிறுத்தியது பழைய கூடையின் மிச்சம்தான். அறுத்த துண்டுகளை என்ன செய்வது? மறுசுழற்சிக்குப் போகும் தாள்களோடு போடலாம் என்று எடுத்தால், போட முடியாது. பூசணம் பிடித்திருக்கிறது, வார்னிஷ் இருக்கிறது, பசை இழை இழையாக ஊறியிருக்கிறது. தாளைக் கூழாக்கும் ஆலைக்குப் பசை பெரிய தலைவலி. கூழில் கரையாமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு புதுத் தாளில் ஓட்டை விழவைக்கும். ஆக, கூடை மொத்தமும் குப்பைக்குத்தான்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் தொடங்கியபோது என் கையில் இருந்தது 800 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான சுத்தமான செய்தித்தாள். அதன் நார்கள் திரும்பத் திரும்பத் தாளாகக் கூடியவை. தாள் நார் மிகவும் குட்டையாகி உதவாமல் போகும் வரை சுமார் 5 முதல் 7 முறை மறுசுழற்சி தாங்கும் என்பார்கள். அந்தச் சுழற்சியில் போய்க்கொண்டிருந்ததை நான் நடுவில் பிடித்து, 15 மணி நேரம் உழைத்து, 11 வாரத்தில் எதற்கும் ஆகாத குப்பையாக்கினேன். இதற்கு மறுபயன்பாடு என்று பெயர் வேறு.

கழிவை மதிப்புக் கூடிய பொருளாக்குவதற்கு அப்சைக்கிளிங் என்று பெயர். 1994-இல் ரைனர் பில்ட்ஸ் என்ற ஜெர்மானியர் ஒரு நேர்காணலில் சொன்னது, அந்தச் சொல் அச்சில் வந்த ஆரம்ப இடங்களில் ஒன்று. அவர் வருத்தப்பட்டது இடித்த கட்டடங்களைப் பற்றி. முழுச் செங்கல்லையும் நொறுக்கித் தூளாக்கிவிட்டு அதை மறுசுழற்சி என்கிறார்களே, இது மதிப்பைக் குறைப்பது, நமக்கு வேண்டியது மதிப்பைக் கூட்டுவது என்பது அவர் வாதம். அந்த அளவுகோலில் என் கூடை எந்தப் பக்கம்? பார்க்க மதிப்புக் கூடியது போலிருந்தது. 11 வாரக் கணக்கைப் போட்டால், செங்கல்லை நொறுக்கியவர்கள் என்னைவிடத் தேவலை.

எனவே கேள்வியை மாற்றினேன். இதில் என்ன செய்யலாம் என்று கேட்பதற்கு முன், இதை நான் எடுக்காவிட்டால் இது எங்கே போகும் என்று கேட்க ஆரம்பித்தேன். அலுமினிய டப்பாவை நான் விட்டுவிட்டால் அது மறுபடியும் அலுமினியம் ஆகும். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதோடு ஒப்பிட்டால் 95 சதவீத ஆற்றல் மிச்சம். கண்ணாடிப் பாட்டிலும் எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடியே. இவற்றின் மேல் வண்ணம் பூசி, சணல் சுற்றி, மினுமினுப்புத் தூள் ஒட்டுவதில் எனக்கு இப்போது உற்சாகமே இல்லை. (பாட்டிலை உடைக்காமல், ஒட்டாமல் பூச்செடி வைத்தால் சரி. பூ வாடியதும் பாட்டில் பாட்டிலாகவே திரும்பும்.)

மாறாக, பானம் வரும் அட்டைப் பொட்டலம் இருக்கிறதே, அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு அட்டை, ஐந்தில் ஒரு பங்கு பாலிஎத்திலீன், 5 சதவீதம் அலுமினியத் தகடு, எல்லாம் ஒட்டிக்கொண்டு. பிரிப்பதற்குத் தனி ஆலை வேண்டும். அதை மடித்துப் பர்ஸ் செய்தால் எனக்குச் சம்மதம். உள்ளே ஏற்கனவே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் வார்னிஷ் வேண்டாம், மடிப்பிலேயே பூட்டிக்கொள்வதால் பசையும் வேண்டாம். தேய்ந்த துணி, விரிசல் விட்ட வாளி, நைந்த சாக்கு, ஓடாத குறுந்தகடு இவையெல்லாம் இந்த வகை. பார்க்கக் கவர்ச்சி இல்லாததால் நாம் தொடுவதில்லை.

வாளியும் சாக்கும்

விளிம்பிலிருந்து கீழ்வரை விரிசல் விட்ட ஒரு வாளி ஏற்கனவே இருந்தது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண். இந்த எண்முறை 1988-இல் பிளாஸ்டிக் வகைகளை அடையாளம் காண வந்தது. எண் இருப்பதால் மறுசுழற்சி ஆகும் என்று அர்த்தம் இல்லை, இன்ன பிளாஸ்டிக் என்று மட்டுமே அர்த்தம். கைவினைக்காரர்களுக்கு அது போதும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். சுமார் 160 டிகிரியில்தான் உருகும், தண்ணீரை உறிஞ்சாது. 3 என்று இருந்திருந்தால் சூடு காட்டும் வேலைக்கே எடுத்திருக்க மாட்டேன். அது பிவிசி, அதிகச் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயுவை விடும்.

வாளியின் விளிம்பை மட்டும் நாலு விரல் உயரத்துக்கு இரும்பறுக்கும் ரம்பத்தால் வளையமாக அறுத்தேன். விரிசல் இருந்த இடத்தில் வளையம் விட்டிருந்தது. இங்கே பசைக்கு வேலையே இல்லை, பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 1 என்று எண் போட்ட தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து வெட்டிய ஒரு வளையத்தை அதன்மேல் மாட்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். பாட்டிலின் பிளாஸ்டிக் ஊதி இழுத்து உருவாக்கப்பட்டது. 80 டிகிரியைத் தாண்டியதும் இழுத்ததை விட்டுச் சுருங்கப் பார்க்கும். உள்ளே ஏதாவது இருந்தால் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வாளிக்கு 100 டிகிரி ஒன்றும் செய்யாது. கையில் உறையும் இடுக்கியும் கட்டாயம், நான் முதல் முறை துணியால் பிடித்துவிட்டு வருத்தப்பட்டேன். ஒரு வளையம் தளர்ந்தது, மேலே இன்னொன்று மாட்டினேன். இன்றுவரை அசையவில்லை.

பைக்கு ஒரு நெய்த பிளாஸ்டிக் சாக்கு. அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான், நாடா நாடாவாக நெய்தது. உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒட்டாத வகையாகப் பார்த்து எடுத்தேன், காற்றுப் போக வேண்டுமே. உரமோ மருந்தோ வந்த சாக்காக இருந்தால் வீட்டுத்துணிப் பக்கமே கொண்டுவராதீர்கள், எத்தனை கழுவினாலும். வெட்டிய ஓரம் உடனே பிரிய ஆரம்பிக்கும், அதனால் இரண்டு மடிப்பு மடித்துத் தைக்க வேண்டும். ஜீன்ஸ் தைக்கும் தடித்த ஊசி, தையல் நீளம் 4 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் ஊசி ஓட்டைகளே கிழியும் கோடாக மாறிவிடும், அஞ்சல் தலைத் தாளில் இருப்பது போல. இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

சாக்கின் வாயை வளையத்தின் மேல் மடித்து, கைத்தையலாகச் சுற்றிக் கட்டினேன். பிடிக்கு ஒரு பழைய ஜீன்ஸின் இடுப்புப் பட்டை. பெல்ட் போகும் வளையங்கள் அதிலேயே இருந்தன. கதவின் பின்னால் இரண்டு கொக்கியில் அந்த வளையங்களை மாட்டினால் வேலை முடிந்தது. அதைப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. கொக்கியில் மாட்டுவதற்கென்றே தைத்தது போல இருக்கிறது, நான் ஒன்றுமே செய்யவில்லை. பிக்காசோ 1942-இல் ஒரு சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை ஆக்கினார். இரண்டையும் பார்த்தால் இன்றும் இருக்கையும் கைப்பிடியும்தான், ஆனால் காளையும்தான். என் கதவின் பின்னால் தொங்குவதைக் கலை என்று சொல்ல மாட்டேன். பொருள் தன் பழைய வேலையின் அடையாளத்தோடே புது வேலைக்கு வந்து நிற்கும்போது ஒரு திருப்தி, அவ்வளவுதான். செய்தித்தாள் கூடையில் நான் பட்ட பாடெல்லாம் தாள் தாளாகத் தெரியக் கூடாது என்பதற்காக.

மொத்தம் மூன்று மணி நேரம், வளையம் அறுத்ததையும் சேர்த்து.

14 மாதம் கழித்து

பை தொங்குகிறது. கீழ் மூலையில் ஒரு இடத்தில் நாடா பிரிந்தது, ஜீன்ஸ் துண்டு வைத்துத் தைத்தேன். மூன்று முறை கழற்றித் துவைத்திருக்கிறேன். முதல் தடவை வெயிலில் காயப்போட்டேன், அது தப்பு. புற ஊதாக் கதிர் பட்டால் இந்த நாடா வறண்டு, பொடிப் பொடியாக உதிரும். வெளியே போட்ட பழைய சாக்கைத் தொட்டவர்களுக்குத் தெரியும், விரலில் செதில் ஒட்டும். இப்போது நிழலில்தான். என்றைக்காவது இது வேண்டாம் என்றானால் தையலைப் பிரித்து, சாக்கு தனி, வளையம் தனி, ஜீன்ஸ் தனி என்று எடுத்துவிடலாம். எதிலும் பசை இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். அழகில்லை. சாக்கின் மேல் அச்சடித்த எழுத்து பாதி தெரிகிறது. யாரும் தட்டிப் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை. கதவைச் சாத்தும்போது வளையம் கதவில் இடிக்கிறது.

செய்தித்தாள் குழலை நான் அடியோடு விட்டுவிடவில்லை. அதே பட்டைகளில் மிஞ்சியதை வைத்து, 27 நிற்கும் குழலோடு ஒரு சின்னக் கூடை பின்னினேன். எல்லாம் நாரின் போக்கில், வார்னிஷ் இல்லை, குழலின் முனைகளில் மட்டும் மாவுப் பசை. நூல்கண்டும் ஊசிகளும் வைக்க. உலர்ந்த அலமாரியில் இருப்பதால் ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. வெளிச்சம் படும் பக்கம் மஞ்சளித்திருக்கிறது. மரத்தில் நார்களைப் பிடித்துவைக்கும் லிக்னின் என்ற பொருள் செய்தித்தாளில் அகற்றப்படாமல் இருப்பதால் அப்படித்தான் ஆகும், எனக்கு அந்த நிறம் பிடித்தும் இருக்கிறது. கூடை இற்றால் அப்படியே பழைய தாள்களோடு போய்விடும்.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் தொங்குவதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது கிடக்கட்டும். முதல்ல ஒண்ணு செஞ்சியே, பழுப்பு நிறத்துல, அது மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு தா" என்றாள்.

"அதுல என்ன வைக்கப்போற?" என்று கேட்டேன்.

"பூந்தொட்டி. பால்கனியில."

குழல் சுருட்ட இன்னும் ஆரம்பிக்கவில்லை. விரிசல் விட்ட வாளி ஏதாவது அவள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.